பார்த்த வேலையிலிருந்து பார்க்காத வேலைக்கு: வகுப்பறையில் தொழில் வழிகாட்டலைத் தொடங்கும் ஆசிரியருக்கு

கொழும்பில் தமிழ்மொழிமூலப் பாடசாலையொன்றில் தரம் 9, 10, 11 பிள்ளைகளுக்குப் புதிதாக வகுப்பாசிரியராகப் பொறுப்பேற்றிருக்கிறீர்கள் என்றால், முதல் தவணை முடிவதற்குள் யாராவது ஒரு பிள்ளை இடைவேளையில் வந்து நிற்கும். "மிஸ், நான் ஏ.எல்.லுக்கு (உயர்தரத்துக்கு) என்ன செய்யலாம்?" என்று கேட்கும். பெரும்பாலும் பாதி முடிவு அதற்குள் எடுக்கப்பட்டிருக்கும். வீட்டில் யாரோ எடுத்திருப்பார்கள், இல்லாவிட்டால் கனடாவில் இருக்கும் மாமா தொலைபேசியில் சொல்லியிருப்பார்.

நான் இந்த வேலையை ஆரம்பித்த காலத்தில் பிள்ளைகளை வரிசையாக எழுப்பி, "பெரிய ஆளானதும் என்னவாக வர விருப்பம்?" என்று கேட்பேன். வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணி, கணக்காளர், ஆசிரியர். நாற்பது பிள்ளைகளிடமிருந்து ஐந்தாறு பதில்கள்தான் வரும். அந்தப் பிள்ளைகளுக்குப் பெயர் தெரிந்த தொழில்களே அவ்வளவுதான் என்பது எனக்கு விளங்க இரண்டு வருடம் பிடித்தது. ஆகவே இங்கே நான் சொல்லப்போகும் ஒழுங்கு முழுவதும் ஒரே ஒன்றைத்தான் குறிவைக்கிறது. தெரிவு செய் என்று சொல்வதற்கு முன்னர் பிள்ளையைப் பார்க்க வையுங்கள்.

எப்போது, எவ்வளவு நேரம்

தரம் 9 இல் தொடங்குங்கள். தரம் 10 க்குப் போகும்போது பிள்ளை சாதாரண தரத்துக்கான தொகுதிப் பாடங்கள் மூன்றைத் தெரிவு செய்கிறது. அந்தத் தெரிவைக் கவனித்துப் பாருங்கள். தோழி எடுத்தாள் என்பதற்காக, எந்த மிஸ் அடிக்கமாட்டார் என்பதற்காக, எதில் இலகுவாக 'ஏ' எடுக்கலாம் என்பதற்காக எடுக்கப்பட்டிருக்கும். உயர்தரப் பிரிவைத் தெரிவு செய்ய வேண்டிய நேரத்தில் நிலைமை இன்னும் மோசம். பெறுபேறு வந்து சில வாரங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். அந்தச் சில வாரங்களும் ரியூட்டரிப் பதாகைகளுக்கு நடுவில்தான் கழியும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு பாடவேளை போதும். தவணைக்கு ஐந்தாறு தடவை வரும். நேரசூசியில் இடமில்லை என்பார்கள். உங்கள் சொந்தப் பாடத்திலேயே எடுங்கள். முதலில் அதிபரிடமும் பகுதித் தலைவரிடமும் சொல்லிவிடுங்கள். பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியர் இருந்தால் அவரைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருடைய இடத்தை நீங்கள் பிடிக்க வருகிறீர்கள் என்ற எண்ணம் ஒருமுறை வந்துவிட்டால் பிறகு எதுவும் நடக்காது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு 80 பக்கக் கொப்பி வேண்டும். புள்ளி போடாதீர்கள், சிவப்புப் பேனையால் திருத்தாதீர்கள். இந்தக் கொப்பி தரம் 9 இலிருந்து 11 வரை பிள்ளையோடு போகவேண்டும்.

முதலாவது பாடவேளை: வீட்டிலிருந்து பாடசாலை வரை

முதல் நாளே வீட்டுவேலை கொடுத்து அனுப்புங்கள். நாளைக் காலை வீட்டுக் கதவைத் திறந்ததிலிருந்து பாடசாலை வாசல்வரை, கண்ணில் பட்ட ஒவ்வொரு வேலையையும் கொப்பியில் எழுதி வரவேண்டும். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் பிள்ளை எழுதுவது வேறு, தெமட்டகொடையிலிருந்து வரும் பிள்ளை எழுதுவது வேறு. ஒருவன் பஸ் கொண்டக்டரை எழுதுவான், ஒருத்தி பூக்கடை அக்காவை எழுதுவாள். பெரும்பாலும் பதினைந்து இருபதோடு நின்றுவிடும்.

அடுத்த பாடவேளையில் ஒரே ஒரு கடையை எடுத்துப் பலகையில் வையுங்கள். செட்டியார் தெரு நகைக்கடை எங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகப் பழகிய இடம். கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவரை எல்லோரும் எழுதியிருப்பார்கள். அவருக்குப் பின்னால் யார் என்று கேளுங்கள். நகையைச் செய்யும் பத்தர், கல் பதிப்பவர், கணினியில் நகையை வரைபவர், பொன்னின் தரத்தைச் சோதிப்பவர், கணக்கு எழுதுபவர், வரிக் கணக்கைச் சரிபார்ப்பவர், காப்புறுதி செய்து கொடுப்பவர், பாதுகாப்புக் கமராவைப் பொருத்தியவர், விளம்பரத்துக்குப் படம் பிடித்தவர். ஒரு கடைக்குள் பத்துத் தொழில். பிள்ளைகள் தாங்களாகவே மற்றக் கடைகளைத் திறக்கத் தொடங்கிவிடுவார்கள். வெள்ளவத்தைத் துணிக்கடை, பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடை, கொம்பனித் தெரு சாப்பாட்டுக் கடை என்று போகும். விட்டுவிடுங்கள், அந்தச் சத்தம் நல்ல சத்தம்.

இரண்டாவது: ஒரு கோப்பைத் தேநீர்

இது எனக்கு மிகவும் பிடித்த பாடம். எங்கள் வகுப்புகளில் பாதிப் பிள்ளைகளின் தாத்தா, பாட்டி மலையகத்தில் கொழுந்து பறித்தவர்கள். பலர் அதை வகுப்பில் சொல்லக் கூச்சப்படுவார்கள். அதனாலேயே நான் தேயிலையை எடுப்பேன்.

பலகையில் இடது பக்கம் தேயிலைச் செடி, வலது பக்கம் கப்பல். நடுவில் என்னென்ன வேலை என்று குழுக்களாக நிரப்பச் சொல்லுங்கள். கொழுந்து பறிப்பவர், கங்காணி, வெளிக்கள உத்தியோகத்தர், தொழிற்சாலையில் டீ மேக்கர். தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே மண்ணை ஆராய்பவரும் பூச்சியை ஆராய்பவரும் வேலை செய்கிறார்கள். பிறகு லொறி கொழும்புக்கு வருகிறது. கொழும்புத் தேயிலை ஏலம் 1883 இல் ஆரம்பமானது. 2020 இலிருந்து அது இணையவழியாக நடக்கிறது. அப்படியென்றால் தரகர் வேண்டும், நாக்கால் சுவைத்துத் தரம் சொல்லும் தேயிலைச் சுவைஞர் வேண்டும், ஏலத்துக்கான மென்பொருளைப் பார்த்துக்கொள்பவரும் வேண்டும். பொதியிடல், கலவை, பெட்டி வடிவமைப்பு, ஏற்றுமதி ஆவணம், சுங்கம். துறைமுகத்துக்குள் போனால் பாரந்தூக்கி இயக்குபவர், கப்பல் முகவர், சரக்கின் சுங்க வேலையைப் பார்க்கும் வார்ஃப் கிளார்க்.

தேயிலைச் சுவைஞர் என்றொரு தொழில் இருப்பதை முதன்முதலாகக் கேட்ட ஒரு மாணவன், "சேர், தேத்தண்ணி குடிக்கச் சம்பளமா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. ஆனால் அடுத்த வாரம் அவன் கொப்பியில் அந்தத் தொழிலுக்கு என்ன படிக்கவேண்டும், எத்தனை வருடம் பழகவேண்டும் என்று யாரையோ கேட்டு எழுதி வந்திருந்தான். தொழில் வழிகாட்டல் என்பதில் நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்: பிள்ளை தானாகப் போய் ஒருவரிடம் கேட்கவேண்டும்.

மூன்றாவது: தன்னைப் பார்ப்பது

ஜோன் ஹொலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959 இல் தொழில் விருப்பங்களை ஆறு வகையாகப் பிரித்தார். உலகம் முழுவதும் பயன்படும் பல விருப்பச் சோதனைகளுக்கு அதுதான் அடி. கையாலும் கருவியாலும் வேலை செய்யப் பிடிப்பவர்கள், ஏன் எதற்கு என்று துருவுபவர்கள், புதிதாக ஆக்குபவர்கள், மனிதரோடு பழகி உதவுபவர்கள், முன்னின்று நடத்துபவர்கள், ஒழுங்காகக் கணக்கும் கோப்பும் பேணுபவர்கள்.

அச்சடித்த வினாக்கொத்து தேவையில்லை. வகுப்பறையின் ஆறு இடங்களில் ஆறு தாள் ஒட்டுங்கள். பிறகு இப்படிக் கேளுங்கள்: "பாடசாலை விளையாட்டுப் போட்டி நடக்கிறது. இல்ல அலங்காரம் செய்வாயா, பந்தல் கட்டுவாயா, புள்ளிக் கணக்கு எழுதுவாயா, அறிவிப்பாளராக நிற்பாயா, விழுந்தவனுக்கு முதலுதவி செய்வாயா, ஓட்டவீரன் ஏன் தோற்றான் என்று யோசிப்பாயா?" பிள்ளைகள் எழுந்து அந்தந்த இடத்துக்குப் போகட்டும். சமையல், கோயில் திருவிழா, வீட்டில் உடைந்த மின்விசிறி என்று இன்னும் நான்கு கேள்விகளைக் கேட்டால், ஒவ்வொரு பிள்ளையும் எந்த இரண்டு மூலைகளுக்கு அதிகம் போகிறது என்று அதற்கே தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. "நீ கலைப் பிள்ளை, நீ கணக்குப் பிள்ளை" என்று ஒருபோதும் பெயர் சூட்டாதீர்கள். 14 வயதில் ஆசிரியர் சூட்டிய பெயரை 30 வயதிலும் சுமந்து திரிபவர்களை நான் பார்த்திருக்கிறேன். தரம் 11 இல் அதே விளையாட்டை மறுபடி செய்யுங்கள். பலர் மூலை மாறியிருப்பார்கள்.

நான்காவது: பாதைகளின் வரைபடம்

இதற்கு இரண்டு மூன்று பாடவேளை ஒதுக்குங்கள். அவசரப்படாதீர்கள். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் தெரிந்தது ஒரே பாதை: ஓ.எல். (சாதாரண தரம்), ஏ.எல்., கெம்பஸ். அதில் எங்கேயாவது தடுக்கினால் வாழ்க்கையே முடிந்தது என்ற எண்ணம். அந்த எண்ணத்தை உடைக்க நல்ல வார்த்தைகள் போதாது, முழு வரைபடத்தையும் சுவரில் ஒட்டவேண்டும்.

ஒரு பெரிய தாளில் கீழே சாதாரண தரம் என்று எழுதி மேல்நோக்கிக் கிளை விடுங்கள். உயர்தரத்தில் பௌதிக விஞ்ஞானம், உயிரியல் விஞ்ஞானம், வணிகம், கலை ஆகிய நான்கும் எல்லோருக்கும் தெரியும். தொழினுட்பப் பிரிவு 2013 இல் வந்தது. பொறியியற் தொழினுட்பவியல், உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் என்று அதில் இரண்டு கிளை உண்டு. இரண்டுக்கும் அரச பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புகள் இருக்கின்றன. ஆனாலும் அது 'மெட்ஸ் கிடைக்காதவர்களுக்கு' என்று இன்னமும் பெற்றோர் சொல்கிறார்கள். இன்னொரு கிளை, 2017 இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியின் தொழிற்பிரிவு. சாதாரண தரப் பெறுபேறு எப்படியிருந்தாலும் பிள்ளை பாடசாலையிலேயே தரம் 12, 13 ஐத் தொடர்ந்து தொழிற்தகைமையோடு வெளியேறலாம். தெரிவு செய்யப்பட்ட பாடசாலைகளில்தான் இது நடக்கிறது. உங்களுக்குக் கிட்ட எந்தப் பாடசாலையில் தமிழ்மொழிமூலம் இருக்கிறது என்பதை வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் தேசிய தொழிற்தகைமை ஏணியை வரையுங்கள். என்.வி.கியூ. என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். மொத்தம் 7 படி. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். இதில் பிள்ளைகள் கவனிக்கவேண்டியது, மோட்டார் மெக்கானிக்காக 4 ஆம் படியில் ஏறிய ஒருவர் அதே ஏணியில் பட்டம்வரை போகமுடியும் என்பதை. இரத்மலானையில் உள்ள தொழினுட்பவியல் பல்கலைக்கழகம் இதற்காகவே இருக்கிறது. கீழ்ப்படிகளுக்குக் கொழும்பில் இடங்கள் தாராளம். மருதானைத் தொழினுட்பக் கல்லூரி 1893 இலிருந்து இயங்கிவருகிறது. தொழிற்பயிற்சி அதிகார சபை, பயிலுநர் பயிற்சியை நடத்தும் நைட்டா, 'ஜேர்மன் டெக்' என்று பெயர் பெற்ற இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையம், காலி வீதியில் ஹோட்டல் முகாமைத்துவக் கற்கை நிலையம், மட்டக்குளியில் சமுத்திரப் பல்கலைக்கழகம். மட்டக்குளியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பலருக்குத் தங்கள் ஊரிலேயே அப்படியொன்று இருப்பது தெரியாது.

பிரிவைப் பார்க்காத வாசல்களையும் வேறு நிறத்தில் குறியுங்கள். புதுக்கடையில் 1874 இலிருந்து இயங்கும் இலங்கைச் சட்டக் கல்லூரிக்கு நுழைவுப் பரீட்சை உண்டு. எந்தப் பிரிவில் படித்தாலும் எழுதலாம். கணக்கியல் தொழில்சார் பரீட்சைகளும் வணிகப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியவை அல்ல. நாவலையில் உள்ள திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே பட்டம் பெறலாம்.

பல்கலைக்கழக அனுமதியை விளக்கும்போது இசட் புள்ளியைத் தவிர்க்காதீர்கள். கணித ஆசிரியரை அழைத்து ஒரு பாடவேளை அவரிடம் கொடுங்கள். ஒரு பாடத்தில் எல்லோரும் பெற்ற புள்ளிகளின் சராசரியிலிருந்து நீ எவ்வளவு தூரம் மேலே அல்லது கீழே நிற்கிறாய் என்பதை நியம விலகலால், அதாவது புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதன் அளவால், பிரிப்பதுதான் அது. மூன்று 'ஏ' எடுத்த ஒருவருக்கு ஒரு பாடநெறி கிடைக்க, இன்னொருவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்பது இதைக் கற்றபின்தான் விளங்கும். கலைப்பிரிவுப் பாடநெறிகளில் பெரும்பாலானவை அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. மற்றவற்றில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. போட்டி கூடிய பாடநெறிகளுக்குக் கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி உயர்ந்தே நிற்கும். எங்கள் பிள்ளைகள் இதைத் தரம் 11 இலேயே அறிந்திருக்கவேண்டும். உயர்தரத்தை மூன்றாவது தடவையும் எழுதிவிட்டு அறிந்து பயனில்லை.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடாவருடம் வெளியிடும் அனுமதிக் கைநூல் தமிழிலும் கிடைக்கிறது. பழைய கைநூல் ஒன்றை வகுப்பில் வையுங்கள். "யாரும் கேள்விப்படாத பாடநெறி ஒன்றைக் கண்டுபிடித்து வா" என்று ஒரு போட்டி வைத்தால் போதும். களனிப் பல்கலைக்கழகத்தின் பேச்சு மற்றும் கேட்டல் விஞ்ஞானப் பட்டத்தை ஒரு மாணவி அப்படித்தான் கண்டுபிடித்தாள். அவளுடைய தம்பிக்குத் திக்குவாய். தமிழில் பேசும் குழந்தைக்குத் தமிழ் தெரிந்த சிகிச்சையாளர் வேண்டும் என்று அவளே வகுப்புக்கு விளக்கினாள். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

தனியார் நிலையங்களைப் பற்றி நேராகப் பேசுங்கள். என் மாணவி ஒருத்தி ஒரு நிலையத்துக்கு இரண்டு வருடம் பணம் கட்டிப் படித்து, நேர்முகப் பரீட்சைக்குப் போன அன்றுதான் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பில்லை என்று அறிந்தாள். தாய் காப்பை அடகு வைத்துக் கட்டிய பணம் அது. ஆகவே பிள்ளைகள் இரண்டு கேள்விகளை மனனம் செய்யட்டும். மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிலையம் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா? நான் படிக்கப்போகும் இந்தப் பாடநெறிக்குத் தனியாக அங்கீகாரம் இருக்கிறதா? பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. பதிவை மட்டும் காட்டிப் பிள்ளைகளைச் சேர்ப்பவர்கள் உண்டு. பட்டம் என்றால், அதை வழங்குவது யார், அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்றும் கேட்கவேண்டும்.

ஐந்தாவது: மனிதர்களை அழைத்தல்

பாடசாலைகள் வழக்கமாகச் செய்வது, பெரிய பதவியில் இருக்கும் பழைய மாணவரை அழைத்து மண்டபத்தில் ஒரு மணிநேரம் பேசவைப்பது. பொன்னாடை, பூமாலை, கைதட்டல். பிள்ளை வீட்டுக்கு எதையும் கொண்டுபோவதில்லை.

உங்கள் பிள்ளைகளை விட மூன்று நான்கு வயது மூத்தவர்களை அழையுங்கள். நைட்டாவில் பயிற்சி பெற்றுக்கொண்டிருக்கும் அண்ணா, தாதியர் பயிற்சியில் இருக்கும் அக்கா. அவர்களுக்கு விண்ணப்பப் படிவத்தின் நிறம்கூட ஞாபகம் இருக்கும். பெற்றோரையும் அழையுங்கள். ஓட்டோ ஓட்டும் அப்பா தன் வரவு செலவுக் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டிய ஒரு நாளை நான் மறக்கமாட்டேன். லீசிங் கட்டணம், பெற்றோல், டயர், வீட்டுக்கு மிஞ்சுவது. முயற்சியாண்மை பற்றி அதைவிட நல்ல பாடம் நான் எடுத்ததில்லை. அவருடைய மகன் அன்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

வருபவர் பேசுவது பத்து நிமிடம்தான். மிச்ச நேரம் பிள்ளைகளின் கேள்விகளுக்கு. கேள்விகளை முதல் வாரமே தயார் செய்யுங்கள். "உங்கள் வெற்றியின் இரகசியம் என்ன?" வேண்டாம். நேற்றுக் காலை எட்டு மணியிலிருந்து என்ன செய்தீர்கள், இந்த வேலையில் பிடிக்காதது எது, தொடங்கும்போது சம்பளம் ஏறத்தாழ எவ்வளவு, எந்தப் பாடத்தை ஒழுங்காகப் படிக்காமல் விட்டதற்காகக் கவலைப்படுகிறீர்கள், எங்கே முதலில் நிராகரித்தார்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைத்தான் பிள்ளைகள் அதிகம் எழுதிக்கொள்கிறார்கள்.

வெளியே கூட்டிப்போக விரும்பினால் அதிபரின் அனுமதி, வலயத்தின் அனுமதி, பெற்றோரின் எழுத்துச் சம்மதம் மூன்றும் வேண்டும். ஒரு தவணைக்கு முன்னரே விண்ணப்பியுங்கள். அது முடியாவிட்டால் உங்கள் பிரதேச செயலகத்தில் மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். அவரை வகுப்புக்கு அழையுங்கள்.

மொழி

கொழும்புப் பயிற்சி நிலையங்களில் பல பாடநெறிகள் சிங்களத்தில்தான் நடக்கின்றன. எங்கள் பிள்ளைகள் சேர்ந்து இரண்டே மாதத்தில் விலகி வருவதற்கு இதுதான் முதற்காரணம். எந்த நிலையத்தைப் பற்றிச் சொன்னாலும் மொழிமூலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டாம் மொழிச் சிங்களப் பாடத்தைத் தொழிலோடு சேர்த்துக் காட்டுங்கள். அரசாங்க சேவையில் மற்ற அரசகரும மொழித் தேர்ச்சி கேட்கிறார்கள். மும்மொழியும் தெரிந்த மொழிபெயர்ப்பாளருக்கு நீதிமன்றத்திலும் வைத்தியசாலையிலும் வேலை இருக்கிறது. கொழும்பில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு மூன்று மொழியும் காதில் விழுந்தபடி இருக்கின்றன. அது ஒரு முதல் என்று சொல்லிக்கொடுக்க வேண்டியது நாங்கள்தான்.

ஆறாவது: பெற்றோர்

பெற்றோரைக் கூட்டத்துக்கு அழைத்து அறிவுரை சொன்னால் அவர்கள் பயந்துவிடுவார்கள். "பயோ எடுக்க மார்க்ஸ் இருக்கே மிஸ், பிறகேன் ஆர்ட்ஸுக்கு விடுறது?" என்ற கேள்வியை மதியுங்கள். அதற்குள் இருப்பது பிள்ளை கஷ்டப்படக்கூடாதே என்ற பயம். நீங்கள் பேசாமல் பிள்ளையைப் பேசவிடுங்கள். தரம் 11 இன் இரண்டாம் தவணையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் கொப்பியைத் திறந்து, தாய் தகப்பனுக்கு முன்னால் மூன்று பாதைகளை விளக்கட்டும்: விரும்பும் பாதை, அது கிடைக்காவிட்டால் அடுத்தது, கையில் காசில்லாவிட்டால் எது. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு செலவு, எத்தனை வருடம். பத்து நிமிடம் போதும். பெண் பிள்ளைகளுக்குப் போக்குவரத்தையும் விடுதியையும் பற்றிய விபரம் கட்டாயம் இருக்கட்டும். பல வீடுகளில் உண்மையான தடை அதுதான், ஆனால் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். எந்த பஸ், எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம் என்று மகள் சொல்லும்போது தகப்பனின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

பெறுபேறு வரும் நாள்

சாதாரண தரப் பெறுபேறு வந்த மறுநாள் காலை பாடசாலைக்குப் போய் ஒரு மேசை போட்டு உட்காருங்கள். சுவரிலிருந்த வரைபடத்தைக் கழற்றி மேசையில் விரித்து வையுங்கள். ஒன்பது 'ஏ' எடுத்தவர்கள் தாங்களாகவே வருவார்கள், அவர்களோடு படம் பிடிக்கவும் ஆட்கள் இருப்பார்கள். வராத பிள்ளைகளின் பட்டியலை எழுதுங்கள். கணிதத்தில் தவறியவர்கள், ஆறு பாடத்தில் சித்தி கிடைக்காதவர்கள். அன்றே ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசி எடுத்து, "கொப்பியைக் கொண்டு வா" என்று மட்டும் சொல்லுங்கள். பிள்ளை வந்ததும் அது தானே எழுதிய இரண்டாவது, மூன்றாவது பாதைகளின் பக்கத்தைத் திறந்து, விண்ணப்ப முடிவுத் திகதியை அதன் கையாலேயே எழுதவையுங்கள்.